சொல்லுக்குச் சொல்: சிடுமூஞ்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு செல்லப்பெயர்

(இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் கோபக்காரர்களைப் பற்றியே இருந்தன. வெயில் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.)

வாசகி, காரைக்குடி: என் கணவர் 35 வருடம் ஒரு வங்கியில் வேலை பார்த்துப் போன மாதம் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் சின்னப் பையன்களும் பெண்களும் சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். அதில் 'எங்கள் அருமைக் கிழட்டுக் கர்மட்ஜியனுக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இவர் செல்போனில் அர்த்தம் தேடினார். 'எரிந்து விழும் கிழவன்' என்று வந்ததாம். அன்றிலிருந்து அந்த அட்டை ஷோகேசில் குப்புறக் கிடக்கிறது. இது பாராட்டா, திட்டா ஐயா?

அட்டையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள் அம்மா. திட்டுதான். ஆனால் பிடிக்காத மேலதிகாரிக்கு யாரும் இந்தத் திட்டை எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

முதலில் உச்சரிப்பு. கர்மட்ஜியன் இல்லை, கர்மட்ஜன். அழுத்தம் நடுவில் இருக்கும் 'மட்'டில். புறாவுக்குப் பிஜன் என்கிறோம், அறுவை மருத்துவருக்குச் சர்ஜன் என்கிறோம் அல்லவா, அந்த இரண்டு சொல்லின் கடைசியில் இருக்கும் அதே எழுத்துகள்தான் இதன் கடைசியிலும்.

செல்போன் பாதிதான் சொல்லியிருக்கிறது. கர்மட்ஜன் என்றால் வயதானவர், பெரும்பாலும் ஆண், எதைப் பார்த்தாலும் குறை சொல்பவர், மூஞ்சியில் சிரிப்பைக் காட்டாதவர். இவ்வளவும் உண்மை. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் வரும் இடங்களைக் கவனித்தால், முன்னால் 'அருமை', 'செல்ல' என்ற பொருளில் ஏதாவது ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பேப்பர் கப்பில் டீ கொடுத்தால் முணுமுணுப்பார், 'பென்ஷன்' என்ற சொல்லில் யாராவது ஓர் எழுத்தை விட்டால் கத்துவார், ஆனால் அவர் இல்லாத அலுவலகம் வெறிச்சென்று இருக்கும். அப்படிப்பட்டவருக்கு வைக்கிற பெயர் இது. அடிக்கிறவனையும் சாராயம் குடித்துவிட்டு வீட்டைப் புரட்டிப் போடுகிறவனையும் கர்மட்ஜன் என்று சொல்வதில்லை.

இந்தச் சொல்லிடம் நானே ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். 1981-ல் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். ஈய எழுத்துக் காலம். காலி புரூஃப் (பக்கம் பிரிக்குமுன் எடுக்கும் முதல் நகல்) ஈரம் காயாமல் மேஜைக்கு வரும், சட்டைக் கையில் மை ஒட்டும். அங்கே தலைமைப் பிழைதிருத்துநர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தைரியமில்லை, 'பெரியவர்' அவ்வளவுதான். ஒற்று ஒன்று விட்டுப்போனால் அந்தத் தாளைச் சுருட்டி நம் மடியில் எறிவார். இரண்டு ஒற்று விட்டுப்போனால் எறிய மாட்டார், எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார். அது இன்னும் மோசம்.

சேர்ந்த மூன்றாவது வருடம், ஆள் குறைவு என்று ஒரு மொழிபெயர்ப்பை என் தலையில் கட்டினார்கள். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார நீதிபதி ஒருவரைப் பற்றிய கட்டுரை. அதில் 'லவபிள் கர்மட்ஜன்' என்று வந்தது. அச்சகத்தில் அட்டை போன பழைய ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று இருந்தது. பார்த்தேன். 'உலோபி' என்று போட்டிருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் 'அன்பே உருவான உலோபி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'உலோபி எப்படி ஐயா அன்பே உருவாக இருப்பான்? நீர் அவனிடம் கடன் கேட்டுப் பார்த்தீரா?'

அகராதியின் மேல் தப்பில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது இருநூறு வருடம் பின்தங்கி நின்றுவிட்டது, அவ்வளவே. கர்மட்ஜன் ஆங்கில எழுத்தில் முதன்முதலில் தலைகாட்டுவது 1577 வாக்கில். அன்றைக்கு அதன் பொருள் கஞ்சன், பிசினாறி, எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். சாமுவேல் ஜான்சன் தன் புகழ்பெற்ற அகராதியை 1755-ல் வெளியிட்டபோதும், பேராசை பிடித்த முரட்டு ஆசாமி, கருமி என்றுதான் பொருள் எழுதினார். கையை இறுக்கிப் பிடிப்பவன் முகத்தையும் இறுக்கித்தானே வைத்திருப்பான். மெல்ல மெல்லக் காசு உதிர்ந்துபோய் முகம் மட்டும் சொல்லில் நின்றுவிட்டது. இன்று கர்மட்ஜன் தாராளப் பிரபுவாகவும் இருக்கலாம், கொடுக்கும்போது ஒரு வார்த்தை வைதுவிட்டுக் கொடுப்பார்.

அது சரி, சொல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வேடிக்கை. லண்டனில் ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால் கஃப் சதுக்கத்தில் ஜான்சனின் வீடு இன்றும் இருக்கிறது. அந்த வீட்டின் மாடியில் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 42,000 சொற்களுக்குப் பொருள் எழுதினார். (ஆறு பேரில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களை வைத்துக்கொண்டே 'ஓட்ஸ்' என்ற சொல்லுக்கு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மக்கள் சாப்பிடுவது என்ற அர்த்தத்தில் பொருள் எழுதினார். கர்மட்ஜன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் படத்தையே போட்டிருக்கலாம்.) கர்மட்ஜன் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் புரியவில்லை. யாரோ பெயர் போடாத ஒருவர், இது பிரெஞ்சில் 'கெட்ட நெஞ்சு' என்று பொருள்படும் 'கெர் மெஷான்' என்பதன் திரிபு என்று எழுதி அனுப்பியிருந்தார். ஜான்சன் நேர்மையான மனிதர், யோசனையை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு பிரெஞ்சுச் சொற்களுக்குப் பின்னால் 'முகம் தெரியாத கடிதக்காரர்' என்று நன்றிக்கடனாகக் குறித்து வைத்தார்.

இருபது வருடம் கழித்து, 1775-ல், ஜான் ஆஷ் என்ற பாதிரியார் ஓர் அகராதி போட்டார். ஜான்சனைப் பார்த்துத்தான் எழுதினார், ஆனால் பிரெஞ்சு தெரியாது போலிருக்கிறது. அவர் அகராதியில் கர்மட்ஜன் எப்படிப் பிறந்தான் தெரியுமா? பிரெஞ்சில் 'கெர்' என்றால் முகம் தெரியாத, 'மெஷான்' என்றால் கடிதக்காரர்!

பெரியவரிடம் இதை எப்போதோ சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்த மூன்று நான்கு தடவைகளில் அது ஒன்று.

இந்தப் பிரெஞ்சுக் கதையை இன்று யாரும் ஏற்பதில்லை. இன்னொரு கதையும் உண்டு. 1600-ல் லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியரை ஆங்கிலத்தில் பெயர்த்த ஃபிலிமன் ஹாலண்ட், தானிய வியாபாரிகளைக் 'கார்ன்மட்ஜன்' என்று எழுதினார். கார்ன் என்றால் தானியம். ஆகா, தானியம் பதுக்குகிறவன்தான் கர்மட்ஜன் என்று ஆட்கள் குதித்தார்கள். ஆனால் சொல் அதற்கு இருபது வருடம் முன்பே புழக்கத்தில் இருந்ததே! ஹாலண்ட் செய்தது சிலேடை. கர்மட்ஜனின் முன்பாதியைக் 'கார்ன்' ஆக்கிவிட்டார். சொல்லின் பிறப்பு இன்றுவரை 'அறியப்படாதது' என்ற பட்டியலில்தான் இருக்கிறது.

இந்தப் பட்டத்தைத் தானே சூடிக்கொண்டவரும் உண்டு. ஹரால்ட் இக்கஸ் என்று ஓர் அமெரிக்க அமைச்சர், ரூஸ்வெல்ட் காலத்தவர், 1933 முதல் 1946 வரை உள்துறை. (அங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை. அரசு நிலம், தேசியப் பூங்கா, அணைக்கட்டு.) யாரையும் முகத்துக்கு நேரே வெளுத்து வாங்குவார். 1943-ல் தன் வாழ்க்கையை எழுதியபோது 'ஒரு கர்மட்ஜனின் சுயசரிதை' என்றே பெயர் வைத்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். மத்திய அமைச்சர் அட்டையில் போட்டுக்கொண்டதை இவர் ஷோகேசில் கவிழ்த்து வைக்கலாமா?

என் பையன் பிறந்த இரவு பெரியவர்தான் என் பங்குப் பக்கங்களையும் உட்கார்ந்து பார்த்தார். யாரும் சொல்லவில்லை. மறுநாள் போனபோது அவரே சொன்னார்: 'உம்மால் பதினாறு பக்கம் எனக்குக் கூடுதல். பிள்ளைக்குப் பெயராவது ஒற்றுப்பிழை இல்லாமல் வையும்.'

வாசகர், அம்பாசமுத்திரம்: சிடுமூஞ்சி, முன்கோபி, முசுடு எல்லாம் ஒன்றா? முசுடு என்பது மாமரத்து முசுறு எறும்பிலிருந்து வந்ததுதானே? கிளையைத் தொட்டால் போதும், இரண்டும் கடிக்கும்!

ஒன்றில்லை. முன்கோபிக்குக் கோபம் மழை மாதிரி, கொட்டிவிட்டு நின்றுவிடும். பிறகு அவரே காபி வாங்கிக் கொடுப்பார். ஆங்கிலத்தில் இராசிபிள் என்பார்கள். சிடுமூஞ்சிக்குக் கோபம் முகத்தில் குடியிருக்கிறது. கிரம்ப்பி என்பது இதற்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் கிரம்ப்பி இன்றைக்கு மட்டும் என்றும் இருக்கலாம். தூக்கம் கெட்டால் குழந்தைகூடக் கிரம்ப்பிதான். வம்புக்கென்றே நிற்பவர், நீங்கள் கிழக்கு என்றால் மேற்கு என்பவர், கான்டேங்கரஸ். தெருக்குழாயடியில் இவரைப் பார்க்கலாம்.

முசுடுதான் கர்மட்ஜனுக்கு மிக அருகில் வருகிறது. 'அவர் கொஞ்சம் முசுடு, ஆனா நல்ல மனுஷன்' என்கிறோமே, அந்த 'ஆனா' முசுடுக்குத்தான் தானாக வருகிறது. சிடுமூஞ்சிக்கு அவ்வளவு எளிதில் வராது. என்ன, முசுடில் வயது இல்லை. முப்பது வயதிலும் முசுடாக இருக்கலாம். கர்மட்ஜன் ஆவதற்குத் தலை நரைக்க வேண்டும்.

எறும்பு விஷயம். இலைகளை இழுத்துப் பின்னிக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பிடம் நானும் சின்ன வயதில் மாங்காய் பறிக்கப்போய்க் கடி வாங்கியிருக்கிறேன். உங்கள் ஊகம் மிக அழகாக இருக்கிறது. அதனாலேயே தள்ளி நிற்கிறேன். ஒலியும் பொருளும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத கடிதக்காரர் நினைவு வந்துவிடுகிறது. உங்களை நம்பி அச்சில் போட்டுவிட்டு, பிற்காலத்தில் யாராவது 'முசு என்றால் அம்பாசமுத்திரம்' என்று எழுதிவிட்டால்?

வாசகர், கோயம்புத்தூர்: எங்கள் அமெரிக்க மேலாளர் வீடியோ கூட்டத்தில் 'இன்றைக்கு நான் கிராங்க்கி, கண்டுகொள்ளாதீர்கள்' என்றார். நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தனக்குக் கிராக்கு என்று அவரே சொல்லிக்கொள்வாரா?

இல்லை தம்பி, இரண்டும் வேறு. நம் ஊர்க் கிராக்கு, விரிசல் என்று பொருள்படும் கிராக்கிலிருந்து வந்தது, மூளையில் கீறல் விழுந்தவன் என்று கணக்கு. கிராங்க்கி வேறு குடும்பம். அமெரிக்காவில் கிராங்க்கி என்றால் சிடுசிடுப்பு, அவ்வளவுதான். பல் முளைக்கும் குழந்தையைக் குழந்தை மருத்துவரே அப்படிச் சொல்வார். பிரிட்டனிலோ இதே சொல்லுக்குக் கொஞ்சம் விசித்திரமான ஆசாமி என்ற பொருள் முன்னால் நிற்கிறது. கடல் தாண்டினால் குணமே மாறிவிடும். உங்கள் மேலாளர் சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்தைச் சீக்கிரம் முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாசகி, நாகர்கோவில்: கோபக்கார ஆணுக்குச் சிங்கம், முன்கோபி என்றெல்லாம் மரியாதையாகச் சொல்கிறார்கள். பெண் கோபப்பட்டால் மட்டும் அடங்காப்பிடாரி, வாயாடி. ஆங்கிலத்திலும் இப்படித்தானா?

இதைவிட மோசம் அம்மா. அங்கே சட்டமே இருந்தது.

சொற்களைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன். ஷ்ரூ என்று ஒரு சொல். அது மூஞ்சூறு போன்ற சின்னப் பிராணியின் பெயர். சண்டைக்காரப் பெண்ணுக்கு அதை ஒட்டினார்கள். முதலில் ஆணையும் கெட்டவன் என்ற பொருளில் ஷ்ரூ என்றிருக்கிறார்கள், பிறகு பெண் தலையில் மட்டும் நிலைத்துவிட்டது. டெர்மகன்ட் என்று இன்னொன்று. இது உங்கள் பிடாரிக்கு நேர்ப் பங்காளி. இடைக்கால ஐரோப்பியர்கள், முஸ்லிம்கள் வணங்கும் தெய்வம் என்று தாங்களாகவே ஒன்றைக் கற்பனை செய்து டெர்மகன்ட் என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒரு தெய்வம் எங்கும் கிடையாது. மேடையில் அது கத்திக் கூச்சல்போடும் பாத்திரமாக வந்தது. கடைசியில் கூச்சல்போடும் பெண்ணுக்கு அந்தப் பெயர். நாம் கற்பனைகூடச் செய்யவில்லை, கோயில் கட்டிக் கும்பிடும் பிடாரியின் பெயரையே எடுத்து அடங்காத பெண்ணுக்கு வைத்துவிட்டோம். ஆடியில் கூழ் ஊற்றுகிறோம், வீட்டில் அதே பெயரைச் சொல்லி வைகிறோம்.

இப்போது சட்டம். ஓயாமல் சண்டை போட்டு அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுக்கும் பெண்ணுக்கு ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் 'காமன் ஸ்கோல்ட்' என்று பெயர். அது குற்றம். தண்டனை, நீண்ட மரத்தின் நுனியில் நாற்காலி கட்டி, அதில் உட்கார வைத்து ஆற்றிலோ குளத்திலோ முக்குவது. இங்கிலாந்தில் லெம்ஸ்டர் என்ற ஊரில் 1809-ல் ஒரு பெண்ணை அப்படி முக்கினார்கள். 1817-ல் இன்னொருத்தியைக் கொண்டுபோனபோது தண்ணீர் போதவில்லை, நாற்காலியோடு ஊரைச் சுற்றி வந்ததோடு விட்டுவிட்டார்கள். அந்த நாற்காலியை அங்குள்ள தேவாலயத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆன் ராயல் என்ற பத்திரிகையாளர், அறுபது வயதுக்காரர், அரசியல்வாதியையும் பாதிரிமாரையும் எழுத்தில் விளாசியவர். வாஷிங்டனில் 1829-ல் அவர்மேல் இந்தக் குற்றம் சாட்டி நிரூபித்தும்விட்டார்கள். முக்கும் நாற்காலி செய்து பார்த்தும், கடைசியில் பத்து டாலர் அபராதத்தோடு விட்டார்கள். அந்தப் பணத்தைக் கட்டியவர்கள் இரண்டு பத்திரிகைக்காரர்கள். இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்திலிருந்து இந்தக் குற்றம் ஒழிந்தது 1967-ல்தான்.

கர்மட்ஜனைத் தண்ணீரில் முக்கியதாக எந்தச் சட்டமும் இல்லை. பேசும் கிழவருக்குச் செல்லப்பெயர், பேசும் கிழவிக்கு நாற்காலி. உங்கள் கேள்வியைப் படித்தபோது என் மனைவி அறையின் மறுபக்கத்திலிருந்து 'நல்லா எழுதுங்க' என்றாள். எழுதிவிட்டேன்.

வாசகர், பழனி: கோபத்துக்குக் காரணம் பித்தம் என்று எங்கள் ஊர் வைத்தியர் சொல்கிறார். ஆங்கில வைத்தியத்தில் இதற்கு இடம் உண்டா?

இன்றைய வைத்தியத்தில் இல்லை, ஆங்கிலச் சொற்களில் நிறைய உண்டு. கிரேக்க, ரோமானிய மருத்துவம் உடம்பில் நான்கு நீர் என்று கணக்குப் போட்டது: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். மஞ்சள் பித்தம் ஏறினால் கோபக்காரன், கோலரிக். கரும்பித்தம் ஏறினால் துயரக்காரன், மெலன்கலி. பித்தத்துக்குக் கிரேக்கத்தில் 'கோலே', இரண்டு சொல்லிலும் அது இருக்கிறது. மண்ணீரலையும் விடவில்லை, மனதில் உள்ள கோபத்தைக் கொட்டுவதை 'மண்ணீரலைக் காலி செய்வது' என்ற பொருளில் இன்றும் சொல்கிறார்கள்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்களுக்குப் பித்தம் ஏறினால் கோபம், நமக்குப் பித்தம் ஏறினால் பித்து. புத்தூரில் கல்யாணப் பந்தலுக்குள் வந்து 'நீ எனக்கு அடிமை' என்று வழக்காடிய கிழவரைச் சுந்தரர் 'பித்தன்' என்று வைதார். கிழவர் கோபப்படவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் வழக்கில் ஜெயித்து, தான் யார் என்று காட்டிய பிறகு, என்னைப் பாடு என்றார். எப்படிப் பாட என்று இவர் விழிக்க, வைதாயே, அந்தச் சொல்லிலேயே ஆரம்பி என்றார். காரைக்குடி அம்மா இதையும் வீட்டில் படித்துக் காட்டலாம்.

வாசகர், மயிலாடுதுறை (அஞ்சலட்டையில், விளிகூட இல்லாமல்): சென்ற இதழில் 'முயற்ச்சி' என்று வந்திருக்கிறது. ற்-க்குப் பின்னால் ச் வருமா? இதற்குத்தான் இத்தனை வருடம் பிழை திருத்தினீரா?

வராது. ஜான்சனிடம் ஒரு பெண்மணி, குதிரைக் காலில் குளம்புக்குச் சற்று மேலே உள்ள பகுதியை முழங்கால் என்று எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். 'அறியாமை, அம்மணி, சுத்த அறியாமை' என்று பதில் சொன்னாராம். எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை, தெரிந்தே கோட்டைவிட்டேன். மன்னிக்கவும்.

உங்கள் அஞ்சலட்டையில் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தி அச்சிட்டிருக்கிறோம்.